குப்பைக்கிடங்குக்கு ஓர் இடம்

1997 மே 12, திங்கள்

காலையிலேயே அனல். ஆபீஸ் அறையில் ஏசி இருப்பது கணினிக்காக. இரண்டு தடவை கரண்ட் போயிற்று, சேமிக்காததெல்லாம் போச்சு. தலைவலி.

மாதக்கணக்காக இழுத்த வேலை ஒருவழியாக முடிவுக்கு வந்தது. நாலைந்து ஊர்களுக்குச் சேர்த்து ஒரு குப்பைக்கிடங்கு, அதற்கு இடம் தேடும் வேலை. மண், சரிவு, சாலை, குடியிருப்பு, ஓடை, குளம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம். நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பது மட்டும் செயற்கைக்கோள் படத்திலிருந்து. எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆகாத இடங்களைக் கழிக்க வேண்டும். சாயங்காலம் மிஞ்சியது மூன்று.

முதலிடம் ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கே ஒரு பொட்டல். கோமதி அக்கா வீட்டு வாழைத்தோட்டத்தை ஒட்டின பொட்டல்.

கணக்கைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அதுவேதான்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். இனி நாளைக்குத்தான்.

மே 14, புதன்

அம்மாவைப் பார்க்க அக்கா வந்திருந்தாள். சாப்பிடும்போது பொட்டல் விஷயத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வெளியே சொல்லக்கூடாதது. சோற்றைப் பிசைந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

போன தையில்தான் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. வேறு போக்கிடம் இல்லை.

“நீ போட்ட கோடுதானட்டி அது? நீயே கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?”

நான் போட்டதில்லை, கணக்கில் வந்தது என்றேன். அவளுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மே 15, வியாழன்

அத்தான் ஆபீசுக்கே போன் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதுவும் கேட்டதில்லை அவர். இன்றைக்கும் கேட்கவில்லை. வெயில், வாழைத்தார் விலை, அம்மா உடம்பு என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

ஜூனில் என் வேலை நீட்டிப்பு. மேலதிகாரி சார் கையெழுத்துப் போட வேண்டும். தற்காலிகம் என்ற பெயரிலேயே வருஷங்கள் போகின்றன.

மே 17, சனி

எங்காவது தப்பு இருக்காதா என்று நாள் முழுக்கப் படத்தைப் பார்த்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பது எனக்குத் தெரியும். கண் எரிச்சல்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை இலையெல்லாம் சிவப்பாக விழும். இது கோடையில் எடுத்தது, பொட்டல் முழுக்கச் சாம்பல். அதன் குறுக்கே நூல் மாதிரி ஒரு சிவப்பு, வளைந்து வளைந்து கடனா நதிப் பக்கம் போகிறது. பழைய நில வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

பக்கத்து மேசை அந்தோணியிடம் காட்டினேன். “வேலியா இருக்கும் மேடம். அத விடுங்க,” என்றான். வேலி இப்படி வளையாது.

ஓடை என்றால் அந்த இடம் கழிந்துவிடும். ஓடைக்கு அரைக் கிலோமீட்டருக்குள் கிடங்கு கூடாது என்பது விதி. நேரில் பார்க்காமல் வரைபடத்தில் போட முடியாது. சாரிடம் ஜீப் கேட்டேன். அரை நாள் தருகிறாராம்.

மே 20, செவ்வாய்

ஓடைதான்.

ஆளுயரப் பள்ளம். கரையெல்லாம் தாழை, நாணல். தண்ணீர் இல்லை, ஆனால் மணலைக் கையால் தோண்டினால் ஈரம். அந்தோணியும் நானும் ஆறு வரை நடந்தே போய்ப் பார்த்தோம். சந்தேகமே இல்லை.

சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மணலில் உட்கார்ந்து அழுகைகூட வந்தது. வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜீப்பில் திரும்பினோம். முக்கூடல் தாண்டியதும் அந்தோணி பைய கேட்டான்: “உங்க அக்கா ஊரு இதானே மேடம்?”

ஆமாம் என்றேன். அவன் தலையைத் திருப்பி வயலைப் பார்க்க ஆரம்பித்தான்.

மே 22, வியாழன்

ஓடையைச் சேர்த்துத் திரும்ப ஓட்டியாயிற்று. அக்கா ஊர் கழிந்தது. இரண்டாவதாக இருந்த கீழப்பொட்டல் என்ற ஊர் முதலிடத்துக்கு வந்தது. கங்கைகொண்டானுக்கு மேற்கே, மானாவாரிப் பூமி.

படம், போட்டோ, அளவு எல்லாவற்றையும் சார் முன்னால் வைத்தேன். அவர் எதையும் பிரிக்கவில்லை. “நமக்கும் குடும்பம் இருக்கு. விடுங்க,” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்கா ஊர் என்று அந்தோணி சொல்லியிருப்பான். திட்டியிருந்தால் தேவலை. ஓடை நிஜமாகவே இருக்கிறது சார் என்றேன். இருக்கட்டுமே என்றார்.

கீழப்பொட்டலையும் அதேபோல் நேரில் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். வண்டி இல்லை, திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டும் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஒரு முழு வாழைத்தார். அக்கா பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். ஓடை நிஜம் என்று போனில் எத்தனை சொல்லியும் ஏறவில்லை. “தெரியும்ட்டி. யார்ட்டயும் சொல்ல மாட்டோம்,” என்கிறாள்.

மே 25, ஞாயிறு

பஸ்ஸில் தனியாகப் போனேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொன்னேன்.

கீழப்பொட்டலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு பள்ளமாவது, ஒரு நாணலாவது. மத்தியானம் வரை தேடினேன். இல்லை. வெட்டவெளி, உழுது போட்ட மண், ஓரமாகப் பத்துப் பதினைந்து வீடுகள்.

அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். குடிக்கக் கொடுத்தாள். “என்ன தேடுதிய?” என்றாள்.

ஓடை என்றேன்.

“இங்கன ஏது ஓடை? மழ பெஞ்சா ரோட்டுலதான் ஓடும்.”

அதோடு நன்றி சொல்லி பஸ் ஏறியிருக்கலாம். என் கணக்கில் தப்பில்லை, இடம் சரிதான். ஆனால் அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஜீப் போயிற்று, நான் வரிவரியாகப் படம் பார்த்தேன். இவளுக்கு லாரி வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

சொல்லிவிட்டேன். குப்பைக்கிடங்கு, எந்தெந்த ஊர்க் குப்பை, வீடுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் வரும், எல்லாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்பதையும்.

அவள் சத்தம் போடவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். “நீங்க யாரு?” என்று கேட்டாள். அந்தப் படத்தைப் போட்டவள் என்றேன்.

“இரிங்க. எங்க வீட்டுக்காரஹ வரட்டும். அவஹட்டயும் இன்னொருக்கச் சொல்லிட்டுப் போங்க.”

இருந்தேன். அவர் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாருக்கும் சொன்னேன்.

மே 26, திங்கள்

காலையில் அறிக்கை போயிற்று. முதலிடம் கீழப்பொட்டல். கால் வலி, முதுகு வலி.

மூன்று மணிக்கு சார் வந்தார். கீழப்பொட்டலிலிருந்து வேன் பிடித்து வந்து மனு கொடுத்தார்களாம், பொம்பளைகள்தான் அதிகமாம். கிடங்கு எந்தெந்த ஊருக்கு என்பதுவரை மனுவில் இருக்கிறதாம். இந்த அறையை விட்டு வெளியே போகாத விஷயம் அவர்களுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டார். அந்தோணியைப் பார்த்துத்தான் கேட்டார். பாவம், அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

நான்தான் சார், நேற்று போய்ச் சொன்னேன் என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அந்த ஓடை நெசமாவே இருக்காம்மா?” என்றார்.

இருக்கிறது என்றேன்.

“அந்தப் படத்த எடுத்துட்டு என் ரூமுக்கு வாங்க. பிரிச்சுப் பாத்துருவோம்.”