மயிலையின் அசை

2058 ஜனவரி 6. காலை 6.40. கொட்டகை 3.
ஒன்பதாம் எண் பசு, மயிலை. மீத்தேன்: நாளுக்கு 21 கிராம். ஆறு வாரத்துக்கு முன் 190. நான் உருவாக்கிய நுண்ணுயிர் அதன் முதல் வயிற்றில் நிலைத்துவிட்டது. மாட்டின் ஏப்பம் இனி பூமியைச் சுடாது.
நாலாம் எண், செவலை. ஒப்பீட்டு மாடு, தனிக் கொட்டில், தனித் தொட்டி. இதற்கு மட்டும் நுண்ணுயிர் கொடுக்கவில்லை. 188.
வேலை முடிந்ததும் மயிலை வழக்கம்போல் என் கையை மணிக்கட்டு வரை நக்கியது. வியர்வை உப்புக்காக. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்கிறது. ஏறட்டும், பதினாலு வருட உழைப்பு.

ஜனவரி 9. மாலை 4.15.
உள்பேசியில் கொட்டகைப் பணியாளர் சவரிமுத்து: "மேடம், எங்க வீட்டு மாடு மூணு நாளா தீனி எடுக்கல, அசையும் போடல. இங்க ஒரு மாட்டு வாயிலருந்து ஒரு உருண்டை அசை எடுத்துக்கட்டுமா?"
நல்ல மாட்டின் அசையை நோய் மாட்டுக்கு ஊட்டுவது எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான். செவலையைத் தொட்டால் என் ஒப்பீடு கெடும். மயிலையிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜனவரி 12. காலை 7.00.
சவரிமுத்து: "மாடு வாயெடுக்காமத் திங்குது மேடம். நீங்க நல்லா இருக்கணும்."
மயிலை 20. செவலை 188.

ஜனவரி 31. மதியம் 1.20.
சுற்று ஊர்களில் மாடுகள் சாகின்றன. வயிறு நிறைய வைக்கோல், ஆனால் எலும்பும் தோலுமாக. சாணத்தில் வைக்கோல் செரிக்காமல் அப்படியே வருகிறது. ஒரே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்த மாடுகளுக்கெல்லாம் பரவியிருக்கிறது.
பல்கலைக்கழகத்திலிருந்து படிவம் வந்தது. 'கொட்டகையிலிருந்து ஏதேனும் வெளியே சென்றதா?'
'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 11. காலை 9.05.
இதைப் பின்னால் எடுத்துப் படிப்பவருக்கு. நான் மங்கையர்க்கரசி, கால்நடை உற்பத்தித் துறைப் பேராசிரியர். படிவத்தில் எழுதியது பொய்.
என் மாடுகள் தின்றது மக்காச்சோளமும் புண்ணாக்கும். ஊர் மாடு தின்பது வைக்கோல். வைக்கோலைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களை என்னுடையது அழித்துவிடுகிறது. ஒரு நாள்கூட நான் வெறும் வைக்கோல் போட்டுப் பார்க்கவில்லை. இன்று துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
அவர்: "பதினோரு நாளா நாங்க தீவனத்துல விஷமான்னு தேடிக்கிட்டிருந்தோம், மங்கை. பதினோரு நாள்."
அதன்பின் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 12. காலை 10.30.
இந்த வட்டாரத்தில் பழைய நுண்ணுயிர்கள் மிச்சமிருப்பது செவலை வயிற்றில் மட்டும். அதன் சாற்றைப் பெருக்கி ஊர் மாடுகளுக்கு ஊட்ட வேண்டும். நாளை மறுநாள் வண்டி வரும். அதுவரை நானும் செவலையும் பூட்டிய கொட்டிலில்.
அதற்கு முன், இனியும் பரவக் கூடாதென்று, மயிலைக்கு உயிர்போக்கும் ஊசி போட்டேன். கால் மடங்கும்வரை என் கையை நக்கிக்கொண்டிருந்தது. அழுதேன். குளித்து, உடை மாற்றி, கையை மூன்று முறை மருந்தில் கழுவிவிட்டுத்தான் செவலையிடம் வந்தேன். 188.

பிப்ரவரி 13. காலை 8.10.
சவரிமுத்து: "எங்க மாடு போயிருச்சு மேடம். நீங்க குடுத்த அசையாலதான் இத்தன நாளாச்சும் கிடந்துச்சு. வண்டியில நானும் வர்றேன். நூறு கேன் கழுவி வச்சிருக்கேன்."
அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 'சரி' என்றேன். எனக்கு வெட்கமே இல்லை.
செவலை 186. கருவியில் சிறு பிழையாக இருக்கும்.

பிப்ரவரி 14. காலை 6.00.
செவலை 97.

காலை 6.20.
மறுபடி அளந்தேன். 94.
கருவியில் பிழையில்லை.
செவலை என் மணிக்கட்டை நக்குகிறது. வாட்ச்சின் தோல் வாரை. அது மயிலையின் எச்சில் ஊறிய வார். அன்று கையைக் கழுவினேன். வாட்ச்சைக் கழுவவில்லை. கழற்றி ஓரமாக வைத்தேன், கழுவினேன், திரும்ப மாட்டிக்கொண்டேன். மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது: வாட்ச்சோடு கொட்டகைக்குள் வராதே.

காலை 7.55.
வாசலில் வண்டிச் சத்தம். என் முன்னால் இன்னொரு படிவம். 'எடுத்துச் செல்லும் சாறு தூய்மையானதா?'
'ஆம்' என்று எழுதினால் இன்னும் சில நாள் எல்லோரும் என்னை நம்புவார்கள்.
'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

காலை 8.10.
உள்பேசியில் சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் வீட்டு மாட்டிலிருந்து தொடங்கி, வாட்ச் வரை.  அந்தப் பக்கம் கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.
பிறகு: "செவலை தீனி எடுக்குதா மேடம்?"
எடுக்கிறது, சவரிமுத்து. வாயெடுக்காமல் தின்கிறது.