நாற்பத்தேழாவது மல்லாட்டை

என் செல்ல ஏழுமலைக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, கண்ணு. கையில் எது கிடைத்தாலும் முதலில் அத்தையிடம் ஓடிப்போய் நீட்டுகிறவன் நீ. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது என்பது எனக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. ஒருவேளை இந்தத் தாள் வேறு யாரிடமாவது சிக்கினால் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விதை மூட்டைகள் அடுக்கியிருக்கும் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரைப்பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பொய் சொல்லித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மூட்டை மேல் தாளை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது. நேராக எழுதினாலும் உனக்கு ஒன்றுதான். ஆறு வயதாகியும் 'அ' வராமல், போட்ட கோட்டையெல்லாம் ரயில் என்று சொன்னவனாயிற்றே நீ.

உனக்கு ஒரு சேதி. அம்மா ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். அந்தப் பிள்ளை இருக்குமா, அம்மாவே இருப்பாளா என்று நாளை விடிந்தால்தான் தெரியும். அதற்குக் காரணம் நான்.

அத்தை சொல்லும் கதை உனக்கு நினைவிருக்கிறதா? நீ வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று அம்மா அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கினாளாம். அதனால்தான் உன் கண் மேலே இழுத்துக்கொண்டதாம், நாக்கு வெளியே நின்றதாம், இதயத்தில் ஓட்டை விழுந்ததாம். அத்தை அப்பாவுக்கு அக்கா, சின்ன வயதிலேயே தாலியறுத்து நம் வீட்டோடு வந்தவர். அவர் சொன்னால் அப்பா மறுப்பதில்லை. அம்மாவும் மறுத்ததில்லை. விழுப்புரத்து டாக்டர் உன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினாரே, அன்று ரயிலில் அம்மா என் காதோடு கேட்டாள். "ஏன் தனம், நான் அன்னிக்கு நெஜமாவே நறுக்கினனா? எனக்கு ஞாபகமே இல்லடி." நீ அவள் மடியில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாய்.

போன வாரம் திண்டிவனத்தில், எங்கள் வகுப்பில், செல் பிரியும் பாடம் நடந்தது. டீச்சர் முதலில் புத்தகத்தில் நாற்பத்தெட்டு என்று அச்சிட்டிருந்ததைப் பேனாவால் அடித்து நாற்பத்தாறு என்று எழுதச் சொன்னார். மனித உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல்துண்டு போல இருக்கும் குரோமோசோம்களின் கணக்கு அது. பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்களே இத்தனை காலம் தப்பாக எண்ணிவிட்டார்களாம்.

நாற்பத்தாறும் இருபத்துமூன்று ஜோடி. நாம் வளரும்போதும் காயம் ஆறும்போதும் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. பிரிவதற்கு முன் ஒவ்வொரு நூலும் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்வதால், இரண்டு செல்லிலும் நாற்பத்தாறு அப்படியே இருக்கும். ஆனால் பிள்ளை உண்டாவதற்கான செல்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் உருவாகும்போது மட்டும் ஜோடிகள் விலகி, பாதிதான் சேரும். அங்கே இருபத்துமூன்று, இங்கே இருபத்துமூன்று. இரண்டும் சேர்ந்தால் மறுபடி நாற்பத்தாறு. எப்போதாவது ஒரு ஜோடி விலகாமல் ஒரே பக்கம் போய்விடும். அப்போது பிள்ளைக்கு நாற்பத்தேழு. அப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்குக் கண் மேலே சாய்ந்திருக்கும், சிலருக்கு உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகைதான் இருக்கும், சில வருஷங்களுக்கு முன்புதான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்றார். தாய்க்கு வயது ஏற ஏற இது கூடுதலாக நடக்கிறது என்றும் சொன்னார்.

எனக்கு உன் கை நினைவுக்கு வந்தது. மயிலத்துத் திருவிழாவில் கைரேகைக்காரர் உன் கையை விரித்து, ஒற்றை ரேகை, நாடாளப் போகிற கை என்றாரே. அப்பா அந்தச் சந்தோஷத்தில் உனக்கு ஊதல் வாங்கித் தந்தாரே. அந்தக் கைதான் இது. கிரகணமும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. வீடு வரும்வரை வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவும் அத்தையும் விதைக்கு மல்லாட்டை, எங்கள் புத்தகத்தில் வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். நான் முறத்தில் பருப்புகளை எண்ணி வைத்தேன். இந்தப் பக்கம் அம்மாவுக்கு நாற்பத்தாறு, அந்தப் பக்கம் அப்பாவுக்கு நாற்பத்தாறு.

"இன்னாடி, வெதைய வச்சிக்கினு ஜோசியம் பாக்கற?" என்று அத்தை சிரித்தார்.

சிரிக்கட்டும் என்று ஜோடி ஜோடியாகப் பிரித்துக் காட்டினேன். ஒரு ஜோடியை மட்டும் பிரிக்காமல் சேர்த்துத் தள்ளினேன். இருபத்துநான்கும் இருபத்துமூன்றும் நாற்பத்தேழு, இதுதான் ஏழுமலை என்றேன். அத்தை சிரிப்பை நிறுத்தி முறத்தையே பார்த்தார்.

"அந்த ஒண்ணு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி?"

அம்மா பக்கம் என்று சொல்லிவிட்டேன். வயது என்று டீச்சர் சொன்னது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

"கேட்டியா கோயிந்தா? ஒம் பொண்டாட்டி வயித்துலயே கோளாறாம். நான் சொன்னா கெழவி ஒளர்றான்னுவ. ஒம் பொண்ணு புஸ்தகமே சொல்லுது."

அப்பா என்னைப் பார்த்து, "இனிமே பொறக்கறதும் அப்டித்தானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியலப்பா என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

கிரகணமாக இருந்தவரை அத்தையிடம் ஒரு வழி இருந்தது, ஏழுமலை. கிரகணம் வரும் ஒருநாள் மட்டும் அம்மாவை வீட்டுக்குள் உட்காரவைத்து, அரிவாள்மணையை ஒளித்துவைத்தால் போதும். இந்தத் தடவை அப்படித்தான் காவல் காத்தார். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அம்மாவைக் காப்பாற்றப் போய் அம்மாவையே காட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். ஜோடி விலகாமல் போவது தாய் பக்கத்திலும் நடக்கலாம், தகப்பன் பக்கத்திலும் நடக்கலாம், யார் பக்கம் என்று நம்மால் சொல்ல முடியாது என்றார். பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்கு அப்படி ஆவதில்லை என்றும் சொன்னார். ஓடிவந்து கொல்லையில் அப்பாவிடம் சொன்னேன். அத்தை எல்லாம் பேசி முடித்துவிட்டார், இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பேசி முடித்தது என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒலக்கூரிலிருந்து மருந்துக்காரம்மா ஒருத்தி விடியலில் கருவைக் கலைக்கும் கஷாயத்தோடு வருகிறாள். உடம்புக்குத் தெம்பு என்று சொல்லி அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள். போன வருஷம் மேலத்தெருவில் அதைக் குடித்தவள் மூன்றாம் நாள் போய்ச்சேர்ந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அத்தையின் குரல் உடைந்திருந்தது. "இன்னொண்ண என்னால தூக்கிக் குடுக்க முடியாது கோயிந்தா." நீ போனபின் மூன்று நாள் அவர் சோறு தொடவில்லை என்பது உனக்குத் தெரியுமா? யார் மல்லாட்டை உடைத்தாலும் முதல் பருப்பை நீ அவர் வாயில்தானே திணிப்பாய்.

என்னைப் பார்த்ததும் அந்தக் குரல் மாறிவிட்டது. "ஒங்கம்மாகிட்ட வாயத் தொறந்தே, நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் கெடையாது. பாத்துக்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நினைத்து, அம்மாவை நினைத்து, என்னை நினைத்தும். விளக்கு வெளிச்சத்தில் என் உள்ளங்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குள்ளும் ஏதாவது ஒரு ஜோடி விலகாமல் உட்கார்ந்திருக்குமோ?

இன்னொன்றும் உன்னிடம்தான் கேட்க முடியும். வரப்போகிற பிள்ளைக்கும் நாற்பத்தேழு இருந்தால்தான் என்ன? நீ கூடுதலாக வந்த ஒன்றுதானே? உனக்கு மூச்சு முட்டிய ராத்திரிகளை நான் மறக்கவில்லை. ஆனாலும் நீ வந்திருக்கவே வேண்டாம் என்று அம்மா சொல்வாளா? என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று முறத்திலிருந்து அந்த ஒரு பருப்பை மட்டும் எடுத்து ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன். இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், கண்ணு. அந்தக் கஷாயம் அம்மாவின் உதட்டைத் தொடுவதற்கு முன் அது என்னவென்று அவளிடம் சொல்லிவிடுவேன். முறத்தை வைத்து அம்மா பக்கம் என்று நான் சொன்னது தப்பு என்பதையும் சொல்வேன். குடிப்பதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போனால் போகட்டும்.

உன் அக்கா,
தனம்

கதவைத் தட்டுகிறார்கள். விளக்கை அணைக்கப் போனேன். மறுபடி தட்டுகிறார்கள், கூடவே கண்ணாடி வளையல் சத்தம். அத்தை வளையல் போடுவதில்லை. ஏழுமலை, அம்மாதான். நான் தாழ்ப்பாளை