உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்

அப்பா,

சூடான ஜெராக்ஸ் தாளின் வாசம் உங்களைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்? ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணலுக்காக இந்த வராந்தாவில் காலையிலிருந்து காத்துக் கிடக்கிறேன். பக்கத்து அறையில் யாரோ சான்றிதழ்களை நகலெடுத்துத் தள்ளுகிறார்கள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதே வாசம்தான் விளாங்குடி பிரவுசிங் சென்டரிலும் அடித்தது. ப்ளஸ் டூ முடித்த கோடை. எங்கோ வடக்கே இருக்கிற ஒரு கல்லூரியில்தான் பொருளாதாரம் படிப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். விண்ணப்பத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பேருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதானே. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நீங்கள்தான் பின்னாலிருந்து, "எம் பேரப் போடுங்கண்ணே. புள்ள கூட நானும் அம்புட்டுத் தூரம் போயிட்டு வாரேன்" என்றீர்கள். தேன்மொழி முத்துக்கருப்பன் ஆனேன்.

அந்தக் கல்லூரியின் நேர்காணலுக்கு ரயிலேறிப் போனோமே, நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. அங்கே வராந்தாவில் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பழகிய உடம்பு உங்களுக்கு. தூணைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல ஆடிக்கொண்டே நின்றீர்கள். "உக்காருங்கப்பா, எனக்குப் படபடன்னு வருது" என்று நான் பல்லைக் கடித்தேன். அப்போது ஒருவர் வெளியே வந்து பட்டியலைப் பார்த்து, "முத்துக்கருப்பன்" என்றார். நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்தேன். நீங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டீர்கள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம். இருந்த ஒரு வாய்ப்பும் போச்சு என்று நினைத்தேன். நீங்கள் வெளியே வந்து, "பெத்தவங்களத்தான் மொதல்ல கூப்புடுறாகன்னு நெனச்சேன் தாயி. நம்ம ஸ்கூல்ல அப்படித்தானே?" என்று விழித்தீர்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் தொங்குகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில், "உள்ள போ, உள்ள போ. உள்ள எடம் இருக்கு" என்றீர்கள்.

உள்ளே முதல் கேள்வியே உங்களைப் பற்றித்தான். எங்கள் ஊரில் அப்பா பெயர் ஓரெழுத்தாக முன்னால் நிற்கும், அவர்கள் விண்ணப்பத்தின் கட்டம்தான் அதை முழுதாக்கிப் பின்னால் தள்ளிவிட்டது என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் படபடவென்று கொட்டினேன். கோபத்தில் பயம் மறந்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் கேட்டதற்கெல்லாம் எப்படியோ பதில் வந்தது.

ஆனாலும் பட்டியலில் பெயர் வரவில்லை. காத்திருப்போர் வரிசையில் போட்டார்கள். அந்த நாட்கள்தான் கொடுமை. சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது, போனைத் தேய்த்துத் தேய்த்தே விரல் வலிக்கும். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கூப்பிட்டு, "வந்துச்சா?" என்பீர்கள். நான் எரிந்து விழுந்தால் உங்கள் கண்டக்டர் ஞாயத்தை எடுத்துவிடுவீர்கள். "ஏறியாச்சுல்ல? ஏறி நிக்கிறவுகளுக்கு என்னிக்கும் எடம் கெடைக்கும். அடுத்த ஸ்டாப்புல எவனாச்சும் எறங்குவான் பாரு."

இறங்கினான். யாரோ ஒருவன் வேறு படிப்புக்குப் போக, கடைசிப் பட்டியலில் எனக்கு இடம் வந்தது. போனில் சொன்னதும், ஓடுகிற பஸ்ஸில் அத்தனை பேர் காதிலும் விழ, "எம் புள்ளைக்கு சீட்டு கெடச்சிருச்சு!" என்று கத்தினீர்கள். "அப்ப நமக்கும் ஒரு சீட்டப் போடுங்கண்ணே" என்று யாரோ சொன்னதும், பஸ் முழுக்கச் சிரித்ததும் எனக்குப் போனில் கேட்டது.

போன வருடம், நின்ற நிலையிலேயே போய்விட்டீர்கள். படுத்துக் கிடந்து யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்று ஊரே மெச்சியது. எனக்கு அதில் ஓர் ஆறுதலும் இல்லை. கொஞ்ச நாள் படுத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. ரொம்பத் தேடுகிறது அப்பா. இந்த வடக்கத்தி ஊரில் என்னைத் தேன்மொழி என்று யாரும் கூப்பிடுவதில்லை. வங்கியில், ஆஸ்பத்திரியில், வகுப்பில், எங்கே போனாலும் உங்கள் பெயர்தான். நீங்கள் போன புதிதில் அதைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன், நீங்கள் வருகிறீர்களா என்று.

கதவு திறக்கிறது. கையில் பட்டியலோடு ஒருவர் நாக்கை உருட்டி, "முத்துக்கருப்பன்" என்கிறார். இந்த வராந்தாவின் தூண் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். யாரும் நகரவில்லை. நான்தான் போக வேண்டும்.

உள்ள எடம் இருக்கும். வாரேன்ப்பா.