அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நேரு வீதிக்குப் போய்க் காடாத் துணி வாங்கி வந்தேன். வரும் ஞாயிறு எங்கள் சபையில் ஞானஸ்நானம். பெண்களுக்கு அங்கி தைத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. மடிப்பைப் பிரித்ததும் கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் அதே வாசனை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் வெட்கம் ஆறியிருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்பா. ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் இவர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. நீங்களும் இவரும் வேதப் புத்தகத்தைத் திறந்துவிட்டீர்கள். நாம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரித்துவத்தை நம்பும் சபை. அவர்களோ தேவன் ஒருவரே, அவர் பெயர் இயேசு, வேறு ஆள் இல்லை என்கிற சபை.

"யோர்தான் ஆத்துல இயேசு நிக்கிறாரு. மேலேர்ந்து ஒரு சத்தம் பேசுது. அப்ப பேசினது யாரு மாப்ள?" என்று நீங்கள் மடக்கினீர்கள்.

"ஆளுக்கு ஒரு கடவுள்னு எண்ண ஆரம்பிச்சா எங்க போய் நிக்கறது மாமா?" என்று இவரும் விடவில்லை.

"பொண்ணப் பாக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?" என்று என் மாமியார் அதட்டிய பிறகுதான் இரண்டு பேரும் புத்தகத்தை மூடினீர்கள். இவரை உங்களுக்குப் பிடித்துப்போனது அந்தச் சண்டையில்தான்.

ஆனால் அவர்கள் சபையில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் நான் இயேசுவின் நாமத்தில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பெயரும் சொல்லி முழுக்கு எடுத்தவள் நான். அதற்கு அடுத்த வருடம்தான் அம்மா நம்மை விட்டுப் போனாள். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, "ஒனக்குச் சம்மதம்னா எடும்மா. ரெண்டாவது தடவ குளிச்சா சளியா புடிச்சுக்கப் போவுது?" என்றீர்கள்.

வீராம்பட்டினம் கடற்கரைக்கு நீங்களும் வந்தீர்கள். தோளில் எனக்கான துவாலை. முழுகி எழுந்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட நின்று சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். பழைய வாழ்க்கை எவ்வளவு இருட்டாக இருந்ததோ அவ்வளவுக்குச் சாட்சிக்கு மதிப்பு. எனக்கு முன்னால் நின்றவர் குடிகாரராக இருந்தவர், அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. எனக்கு என்ன இருந்தது? ஞாயிறு தவறாமல் ஜெபவீடு, சாயங்காலம் பாட்டு, படுக்கும் முன் முழங்கால் ஜெபம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் சத்தியம் தெரியாத வீட்டுல பொறந்தேன். ஜெபம்னா என்னன்னே தெரியாம வளர்ந்தேன்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் அல்லேலூயா என்றது. நீங்கள் துவாலையை நீட்டினீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பாஸ்டருக்கு அந்தச் சாட்சி பிடித்துப்போய், வீட்டுக் கூட்டங்களிலெல்லாம் என்னை எழுப்பிவிட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இருட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். கதிர்காமத்தில் ஒரு கூட்டத்தில் நம் வீட்டில் வேதப் புத்தகமே கிடையாது என்றுகூடச் சொன்னேன். மாமியார் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் கேசரி நாளில் நம் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அது உங்கள் காதுக்கும் வந்தது. பிறகொரு நாள் வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தீர்கள்.

"ஒன்ன குத்தம் சொல்ல வரலம்மா. நானும் மாதா கோயில விட்டு வந்தப்ப எங்கம்மாவ அப்படித்தான் சொன்னேன். அவங்க ஜெபமாலை சொல்லித்தான் என்னத் தூங்க வப்பாங்க. அத மறைச்சுட்டேன்."

நான் தலை குனிந்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இயேசு நாமத்துல எடுத்தாதான் ரட்சிப்புன்னு ஒங்க சபையில சொல்றாங்க. அப்ப ஒங்கம்மா?"

என்னைப் பெற்றவளைப் பற்றித்தான் கேட்டீர்கள். கடைசி நாட்களில் பேச முடியாமல் கிடந்தபோதும் உதட்டை அசைத்து ஜெபித்துக்கொண்டிருந்தவள். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுடைய கணவர் கேட்கிறார். அதற்கு நான் சொன்ன பதில் இது: "பாஸ்டரக் கேட்டுச் சொல்றேம்ப்பா."

"சரிம்மா" என்றீர்கள். குடையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டீர்கள். அதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் காது மடலெல்லாம் சுடுகிறது.

அதற்குப் பின் வந்த கிறிஸ்துமஸுக்கு, "கேட்டியாம்மா?" என்றீர்கள். பாஸ்டர் ஊரில் இல்லை என்றேன். அவர் ஊரில்தான் இருந்தார்.

அந்தக் கடைசி நாளில், பெரிய ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மூச்சு வாங்கியபோது, ஜெபம் பண்ணச் சொன்னீர்கள். பண்ணினேன். முடிக்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டேன். நம் வீட்டு ஜெபம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரும் சொல்லித்தான் முடியும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இவர் நிற்கிறார். என் வாய் திறக்கவில்லை. கண்ணை மூடியிருந்த உங்களுக்கு அது புரிந்துவிட்டது. "இயேசுவின் நாமத்துல, ஆமென்" என்று நீங்களே முடித்து வைத்தீர்கள். காலமெல்லாம் சொல்லி வந்ததை எனக்காக விழுங்கிக்கொண்டீர்கள். உங்களுக்காக ஒரே ஒரு தடவை மூன்று பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்த ஞாயிறு முழுக்கு எடுக்கப்போகும் பெண் நேற்று அளவு கொடுக்க வந்தாள். அவள் அம்மா இன்னும் மாதா கோயிலுக்குப் போகிறவர். "சாட்சியில என்னக்கா சொல்லட்டும்?" என்று கேட்டாள். "ஒங்கம்மா ஒனக்கு ஜெபம் கத்துக் குடுத்தாங்கல்ல? அதுலேர்ந்து ஆரம்பி" என்றேன். யாரோ பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்ல முடிகிறது. நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது முடியவில்லை.

பாஸ்டரிடம் நான் கேட்கவே இல்லை, அப்பா. மறந்துபோகவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயம். அன்றைக்கு அம்மா ஒருத்திக்காகக் கேட்க வேண்டியிருந்தது. இனிமேல் கேட்பதென்றால் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்