லித்துவேனியாப் பாதிரியை மலையேற்றிய வாரம்

பிப்ரவரி 4, செவ்வாய்

மாதா கோவில் வாசலில் பிளெக்ஸ் பேனர். லித்துவேனியாவிலிருந்து யோனாஸ் என்று ஒரு கிழட்டுப் பாதிரி வருகிறாராம். சோவியத் ஆட்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போன மாவீரராம். உள்ளூர் கவுன்சிலரை எதிர்த்து வாய் திறக்காத கூட்டம், செத்துப்போன சோவியத்துக்கு எதிராக மார்தட்டுகிறது. தூ.

பிப்ரவரி 6

"எங்க வூட்டுக்காரர் கார் இருக்குதுங்க பாதர்" என்று என் மனைவி உபகாரமேரி பங்குச்சாமியார் எட்வினிடம் சொல்லிவிட்டாள். கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் நான், பாதிரிக்கு டிரைவர்! போகிறேன். கேள்வி கேட்டே கிழவனைக் கந்தலாக்குகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெள்ளிமலைக்குச் சவாரி. கிழவர் முன்சீட்டில், மொழிபெயர்க்க எட்வின் பின்னால். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"எந்தப் பண்ணையாருக்காக ஜெயிலுக்குப் போனாருன்னு கேளுங்க பாதர்."

எட்வின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கேட்டார்.

"இவங்க அப்பாவே பண்ணையில கூலியாம். புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுத்தாராம், அதான் குத்தம். ஒரு வருஷம் உள்ள வச்சாங்களாம். வெளிய வந்து மறுபடியும் சொல்லிக்குடுத்தாராம். மறுபடியும் புடிச்சாங்களாம்."

"பாதிரிங்க எல்லாருமே இப்படி வீரனுங்கதானா?" என்றேன் நக்கலாக.

கிழவர் சிரித்தார்.

"இல்லியாம். இவரப் போலீசுல காட்டிக்குடுத்ததே கூட இருந்த சாமியார்தானாம்."

வளைவில் கியர் மாற்ற மறந்துவிட்டேன். புளுகுகிறவன் தன் ஆட்களையே இப்படியா விட்டுக்கொடுப்பான்? இன்னாய்யா இது...

பிப்ரவரி 10

நேற்று மலையில் கூடியிருந்த எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் சாப்பிட்டேனா என்று சைகையில் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிப்ரவரி 13

கிளைச் செயலாளர் தமிழ்வேந்தன் போன். "பாதிரிக்கு வண்டி ஓட்டிக்கினு இருக்கீங்களாமே தோழர்?" கிழவர் சொன்னதைச் சொன்னேன். "எல்லாம் அமெரிக்கா கட்டிவுட்ட கதை. அங்க யாரையும் புடிக்கல." மூங்கில்துறைப்பட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்காத மனுஷன்! லித்துவேனியா ஜெயில் சாவியே இவர் இடுப்பில் தொங்குவதுபோல் பேசுகிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிளைக் கூட்டம். நான்தான் இன்றைய விஷயம்.

"கெழவன் சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க தோழர். அதோட முடிச்சிக்கலாம்" என்றார் தமிழ்வேந்தன்.

"பொய் இல்லீங்க."

என்னைக் கட்சியிலிருந்து நீக்க எல்லாரும் கை தூக்கினார்கள். நேற்றுவரை என் காரில் ஓசியில் போய்வந்த பச்சமுத்து கைதான் முதலில் எழுந்தது. இவர்கள் புரட்சி செய்யப்போகிறார்களாம்!

வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாங்க, மீட்டிங்கு அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?" என்றாள் உபகாரமேரி.

"எனக்கு முடிஞ்சிட்ச்சு" என்றேன்.