ஒரே ஒரு பெயர் உள்ள பட்டியல்

ஜூன் 12, புதன்

கல்லூரி நூலகத்தில் சேர்ந்து இன்றோடு பத்தொன்பது வருடம். யாருக்கும் நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

என் மேஜைக்கு மேலே குழல்விளக்கு மறுபடியும் இரைகிறது. எலெக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம்" என்றார். நூலகர் சிரித்தார்.

போன வருடம் வேலையை விட்டுப் போன தமிழ்த்துறை மேடம் வாங்கிப் போட்ட மூன்று புத்தகங்களுக்கு இன்றுதான் எண் போட்டேன். ஒன்று, இரண்டு பெண்கள் காதலிக்கும் நாவல். இன்னொன்று, ஒரு திருநங்கையின் வாழ்க்கைக் கதை. மூன்றாவது, தனக்கு ஆட்டிசம் என்று நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்ட ஒருத்தி எழுதியது. மூன்றையும் புதுவரவு அடுக்கில் வைத்தேன்.

ஜூன் 18

நாவலை முதலில் எடுத்தது வேதியியல் ஆய்வக உதவியாளர். முப்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் அமிலக் கறை. மத்தியான இடைவேளையில் கடைசி மேஜையில் உட்கார்ந்து படிப்பார். புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார். "கிழிஞ்சிடக் கூடாதுல்லக்கா" என்றார். அதற்காக இல்லை என்று எனக்கே புரிந்தது.

ஜூன் 27

நாவலை அவர் திருப்பித் தந்ததும் நான் எடுத்துப் படித்தேன். இன்று அதைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த இருவரையும் கடைசியில் சேர்த்து வைத்திருக்கலாம் என்று அவருக்கு ஆதங்கம். சேர்ந்திருந்தால் மூன்றே மாதத்தில் சமையலறையில் சண்டை வந்திருக்கும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் சிரித்தது பிடித்திருந்தது.

ஜூலை 1

மூன்றாவது புத்தகத்தை என் பெயரில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினான்காம் பக்கத்தில் நான் இருக்கிறேன்.

சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டி எறிவது. பேசுகிறவர் கண்ணைப் பார்க்க முடியாமல் மூக்கைப் பார்ப்பது. விளக்கின் இரைச்சல் — அதுவும்தான். அண்ணன் மகளின் பிறந்தநாளில் எல்லோரும் கைதட்டிப் பாடியபோது குளியலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது அப்படியே இருக்கிறது, வேறு ஒருத்திக்கு நடந்ததாக. அன்றைக்கு அண்ணி கதவைத் தட்டி, "உள்ள மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தது கதவு வழியே கேட்டது.

நாற்பத்தாறு வயது எனக்கு. இத்தனை நாளாக நான் திமிர் பிடித்தவள் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஜூலை 9

அதை ஆய்வக உதவியாளரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம்கூட. அவர் பரிதாபப்படவில்லை. என் ஸ்டூலில் ஏறி நின்று குழல்விளக்கைக் கழற்றிவிட்டு, "இனிமே இந்த மேஜைக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்" என்றார்.

பிறகு இரண்டாவது புத்தகத்தை, அந்தத் திருநங்கையின் கதையை, என் முன் வைத்தார்.

"உங்களுக்கு அந்தப் புத்தகம்னா எனக்கு இது, அக்கா. இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க. யாரும் இல்லாதப்போ மட்டும் போதும்."

தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவள் என்று எழுதிவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

தாளாளர் சுற்றிப் பார்க்க வந்தவர் புதுவரவு அடுக்கு முன்னால் நின்றுவிட்டார். நாவலின் பின்னட்டையை முழுதாகப் படித்தார். முதல்வருக்கு முகம் செத்துவிட்டது. சாயங்காலம் உத்தரவு வந்தது: மூன்று புத்தகங்களையும் எடுத்துவிட வேண்டும். யார் யார் எடுத்துப் படித்தார்கள் என்ற பட்டியல் திங்கட்கிழமை மேஜைக்கு வர வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

கணினியில் இரண்டு பேர்தான். அவளும் நானும்.

எதுவும் பதிவாகவில்லை, அங்கேயே உட்கார்ந்து படித்திருப்பார்கள் என்று சொல்லலாம். நூலகருக்கு அந்த மென்பொருளைத் திறக்கக்கூடத் தெரியாது. சொன்னால் நம்புவார்கள்.

ஆனால் பட்டியல் காலியாக இருந்தால் என்னைத்தானே துருவுவார்கள்?

ஜூலை 22

காலை ஏழரைக்கே போய்விட்டேன். என் பதிவுகள் இரண்டையும் நீக்கினேன். நாவலுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. நாலு சொடுக்கு. அவள் பதிவுகளையும் நீக்க இன்னும் நாலு சொடுக்கு போதும். செய்யவில்லை. நேரம் இருந்தது. நேரமில்லை என்று பிறகு எனக்கே சொல்லிக்கொள்வேன், அதனால் எழுதி வைக்கிறேன் — ஒன்றே கால் மணி நேரம் இருந்தது.

பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு பெயர். பதிவேட்டில் இருக்கிற பெயர்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவனா? நினைச்சேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. அதில் என்ன பெருமை.

ஜூலை 26

அவளுக்கு விசாரணை. மூடிய அறை. வெளியே ஆபீஸ் ஆட்கள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், கேட்டவற்றை மதியம் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். எந்தக் கழிப்பறைக்குப் போகிறாய் என்று கேட்டார்களாம். ஊரிலிருந்து அவள் அப்பாவை வரவழைத்து, அவர் எதிரில் அந்தத் திருநங்கை புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்களாம். வாசித்து முடித்ததும் அப்பா எழுந்து கன்னத்தில் அறைந்திருக்கிறார். யாரும் தடுக்கவில்லையாம்.

அப்பா அறைந்ததையும் டைப்பிஸ்ட் நடித்துக் காட்டினாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது எப்போது சிரிப்பது என்று எனக்குத் தெரியாமல் போவதுதான் வழக்கம். இன்று சரியான நேரத்தில் சிரித்தேன்.

ஆகஸ்ட் 2

ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். நூலகப் புத்தகம் எதுவும் பாக்கியில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தோடு வந்தாள், பின்னாலேயே முதல்வர் அறைப் பியூன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதுக்கு மேலே கத்தரிக்கோல் பட்ட காயம்.

பியூன் பார்த்துக்கொண்டே நின்றார். நான் படிவத்தைத் தள்ளி, "இங்க கையெழுத்துப் போடு தம்பி" என்றேன்.

போட்டாள். காகிதத்தை மடித்தபடி, மெதுவாக, பியூனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"வேற யார் படிச்சாங்கன்னு மூணு தடவை கேட்டாங்கக்கா. யாருமில்லன்னு சொல்லிட்டேன். நீங்க பயப்படாதீங்க."

அவளுக்குத் தெரியாதா, பட்டியல் எங்கிருந்து போனது என்று? தெரிந்துதான் சொன்னாளா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் மூக்கைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

சாப்பிட முடியல. அண்ணி கேட்டா, வயிறு சரியில்லன்னேன். நான் என்ன பண்ணேன்? கேட்டதத்தான குடுத்தேன்? இல்ல. இல்லடி. கேட்டதுல பாதியத்தான் குடுத்த.

ஆகஸ்ட் 20

நூலகர் ஓய்வு பெறுகிறார். பொறுப்பு எனக்கு. நம்பிக்கையான ஆள் என்று கூட்டத்தில் முதல்வர் சொன்னார். கைதட்டினார்கள்.

செப்டம்பர் 14, சனி

விடுப்பு போட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி மனநல மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு இருப்பது ஆட்டிசம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. டாக்டரைப் பார்க்கும் முன் பதினோரு பக்கப் படிவம். ஒவ்வொரு கேள்வியாக நிரப்பினேன். ஏழாம் பக்கம் நான் நிரப்பக் கூடாதாம். என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் என்னைப் பற்றி எழுத வேண்டுமாம்.

நர்ஸ் நல்ல பெண். வீட்டில் யாராவது வருவார்களா என்று கேட்டாள். அவர்களுக்குத் தெரியாது என்றேன்.

"கூட வேலை பாக்கறவங்க? மனசுவிட்டுப் பேசற மாதிரி யாராச்சும் ஒருத்தர் போதும்மா."

இல்லை என்று தலையாட்டினேன்.

பிறகு அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.