பூப்பந்து அணியின் ஐந்தாவது ஆள்

ஐப்பசி 14, செவ்வாய்

பாபநாசம் போய் கேப்டன் வைத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பூப்பந்து அணியின் ஐந்து பேரில் மிச்சம் நாங்கள் இருவர்தான். மறதி அதிகமாகிவிட்டது என்று அவர் மகள் போனிலேயே சொல்லியிருந்தாள். ஆனாலும் ஆட்டத்தை மறந்திருக்கமாட்டார் என்று நம்பிப் போனேன்.

மறக்கவில்லை. நாகூரில் ஜெயித்த பைனலை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். முன்னால் நின்ற இருவர், நடுவில் அவர், பின்னால் இடப்பக்கம் சேகர். வலப்பக்கத்து ஆளின் பெயர் வரவில்லை.

"அங்க நின்னது இந்த மாமாதானேப்பா?" என்றாள் மகள்.

வைத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவரா? பந்து வந்தா கண்ண மூடிக்குவாரும்மா. இவரு ஸ்கோர் போடுறவரு. நல்ல மனுஷன், காபி குடு."

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் அந்தப் பெண், "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றாள்.

"இல்லம்மா, அவர் சொல்றது சரியாக்கூட இருக்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அன்றைய கடைசிப் பந்தைத் திருப்பி அடித்தவன் நான் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். இப்போது யோசிக்க யோசிக்க, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்ததுபோலத்தான் நினைவு வருகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஒருவரும் இல்லை.